பன்னிரண்டு கிரெடிட் இடைவெளி: அமெரிக்கக் கல்லூரியில் மொழித் தேவையைத் தேர்வு வழியே முடித்த மாணவி – ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவிக்கு வயது 20. கோவையில் இரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பெற்றோருடன் அமெரிக்கா போனவர். கிழக்குக் கரையில் உள்ள ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலில் பி.ஏ. படித்துவந்தார். பட்டத்துக்கு மொத்தம் 120 கிரெடிட் (முடித்த பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகு) வேண்டும். ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் நான்காம் செமஸ்டர் அளவுக்குத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பது அங்கே பி.ஏ. படிக்கும் எல்லோருக்கும் உள்ள விதி. 101, 102, 201, 202 என்று நான்கு பாடங்கள்; ஒவ்வொன்றும் 3 கிரெடிட்; ஒன்றை முடித்தால்தான் அடுத்ததில் சேர முடியும்.

ஐந்து செமஸ்டர் முடிந்த ஜனவரியில் அவர் கையில் 78 கிரெடிட் இருந்தது. மொழிப் பாடம் ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. வீட்டில் தமிழ் பேசுவதால் எப்போது வேண்டுமானாலும் ஒரு தேர்வு எழுதி முடித்துவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். அடுத்த ஆண்டு தம்பியும் கல்லூரிக்குப் போகவிருந்ததால், எட்டாம் செமஸ்டர் கட்டணத்தைத் தவிர்த்து டிசம்பரிலேயே பட்டம் வாங்க வேண்டும் என்பது குடும்பத்தின் திட்டம். மீதமிருந்த இரண்டு செமஸ்டரிலும் தலா 15 எடுத்தால் 30. 78-ம் 30-ம் சேர்ந்தால் 108. குறைவது 12. மொழிப் பாடங்களின் மொத்தமும் சரியாக 12.

இந்தப் பொருத்தம்தான் குழப்பத்துக்கு வித்திட்டது. மொழித் தேவை, மொத்தக் கிரெடிட் என்ற இரண்டு தனித்தனிக் கணக்குகளைக் குடும்பம் ஒரே கணக்காக எடுத்துக்கொண்டது.

தொடக்கத்தில் கவனித்தவை

வழிகள் நான்கு இருந்தன. வளாகத்தில் 101-லிருந்து தொடங்குவது முதல் வழி. நான்கு செமஸ்டர் ஆகும் என்பதால் அது உடனே விழுந்தது. இரண்டாவது, தமிழில் தேர்வு. மூன்றாவது, உயர்நிலைப் பள்ளியில் இரண்டு ஆண்டு படித்த ஸ்பானிஷில் தேர்வு. நான்காவது, கம்யூனிட்டி காலேஜ் எனப்படும் இரண்டாண்டு உள்ளூர்க் கல்லூரி ஒன்றில் ஆன்லைனில் படித்துக் கிரெடிட்டை மாற்றிக்கொள்வது.

தமிழுக்கு என்ன தேர்வு இருக்கிறது என்பதைப் பலரும் தவறாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். பள்ளி மாணவர்களுக்காகக் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும், கல்லூரி அளவிலான ஏபி தேர்வுகளில் தமிழ் இல்லை. வகுப்பில் சேராமலே கல்லூரிக் கிரெடிட் பெற அதே அமைப்பு நடத்தும் கிளெப் தேர்வில் இருக்கும் மொழிகள் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் ஆகிய மூன்றுதான். தமிழுக்கு நடைமுறையில் கைகொடுப்பது அயல்மொழி கற்பித்தலுக்கான ஆக்ட்ஃபல் அமைப்பின் வாய்மொழித் திறன் நேர்காணல், ஓபிஐ என்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் தொலைபேசியில் 20 முதல் 30 நிமிடம் பேசுவார். பேச்சு பதிவாகும். அந்தப் பதிவைக் கேட்டு நிலை தீர்மானிப்பார்கள். நிலைகள் தொடக்கம், இடைநிலை, மேம்பட்ட நிலை, உயர்நிலை, மிக உயர்நிலை என்று போகும். முதல் மூன்றிலும் கீழ், நடு, மேல் என்ற உட்பிரிவு உண்டு.

ஓபிஐ முடிவுக்கு இத்தனை கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் பரிந்துரை செய்திருக்கிறது. சுருக்கமாக ஏஸ். கிளெப்புக்கும் இதே அமைப்பின் பரிந்துரைதான் அடிப்படை. ஆனால் அது வெறும் பரிந்துரை. ஏற்பதும், குறைப்பதும், மறுப்பதும் மாணவர் படிக்கும் கல்லூரியின் உரிமை.

முதல் முடிவு: தமிழில் ஓபிஐ

“வீட்ல முழுக்கத் தமிழ்தான் பேசுறோம். அதுக்குப் போய் ஸ்பானிஷ் எதுக்கு சார்?” என்பது தந்தையின் கேள்வி. கேள்வியில் நியாயம் இருக்கிறது. பத்து வயதுக்கு முன்பே வந்த மொழியைப் பட்டத்தில் காட்டுவதற்கு மாணவிக்கு முழு உரிமை உண்டு. பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கமும், கற்பிக்கப்படாத மொழிகளுக்கு ஓபிஐயில் ‘இடைநிலை நடு’ கிடைத்தால் தேவை நிறைவேறியதாகக் கொள்ளப்படும் என்றது. பிப்ரவரியில் தேர்வுக்குப் பதிவு செய்தார்கள்.

அந்தப் பக்கத்தின் அடுத்த பத்தியை யாரும் படிக்கவில்லை. கற்பிக்கப்படாத மொழிக்குத் தேவையிலிருந்து விலக்கு மட்டுமே கிடைக்கும், கிரெடிட் கிடையாது என்று அதில் தெளிவாகவே இருந்தது. காரணமும் எளிது. கிரெடிட்டைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமென்றால், அதற்கு இணையான பாடம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலில் இருக்க வேண்டும். அங்கே தமிழ்ப் பாடம் இல்லை. பெர்க்லி, சிகாகோ, பென்சில்வேனியா போல் தமிழ் கற்பிக்கும் பல்கலைக்கழகமாக இருந்திருந்தால் பேச்சே வேறு. அங்கேயும்கூட வீட்டுமொழியில் தொடக்கநிலைப் பாடங்களுக்குக் கிரெடிட் தருவார்களா என்பதைத் துறையில் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

தேர்வில் நடந்தது

உயர்நிலை வரும் என்று எதிர்பார்த்தார்கள். வந்தது ‘இடைநிலை நடு’. விலக்குக்கு அது போதும். ஆனால் சரளமாகப் பேசும் பெண்ணுக்கு ஏன் இவ்வளவுதான் என்பதை விளங்கிக்கொள்வது இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்குப் பயன்படும்.

நேர்காணல் செய்பவர் எளிய கேள்விகளில் தொடங்கி, படிப்படியாகக் கடினமாக்கி, எந்த இடத்தில் பேச்சு தடுக்குகிறது என்று தேடுவார். மேம்பட்ட நிலைக்கு நடந்த ஒன்றை முன்பின் தொடர்போடு, பத்தி அளவில் விவரிக்கத் தெரிய வேண்டும். உயர்நிலைக்குக் கருத்தை நிறுவிப் பேசவும், ‘இப்படி இருந்திருந்தால்’ என்று ஊகித்துப் பேசவும் வேண்டும். பயணத்தில் எதிர்பாராமல் நடந்த ஒன்றைச் சொல்லச் சொன்னபோது மாணவி சொன்னதாக நினைவுகூர்ந்தது இது: “நாங்க போனோம். கார் நின்னுருச்சு. அப்பா கால் பண்ணாரு. டோ டிரக் வந்துச்சு.”

ஒவ்வொரு வாக்கியமும் சரி. ஆனால் நான்கும் தனித்தனியாக நிற்கின்றன. கார் எங்கே நின்றது, ஏன் நின்றது, டிரக் வருவதற்குள் என்ன ஆயிற்று, வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்பதையெல்லாம் கோத்துச் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை. வீட்டில் அதற்கு அவசியமும் வந்ததில்லை. அப்பாவும் அம்மாவும் பாதி வாக்கியத்திலேயே புரிந்துகொள்வார்கள். தேர்தல் முறை குறித்துக் கேட்டபோது அரசியல் அறிவியல் மாணவி ஆங்கிலத்துக்குத் தாவிவிட்டார். அந்தத் துறையை அவர் தமிழில் ஒருநாளும் பேசியதில்லை. இடையில் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் கற்ற எழுத்துத் தமிழில் பேச முயன்று, ‘நான் சென்றேன்’ என்று தொடங்கிய வாக்கியத்தை முடிக்கத் தடுமாறினார். ஓபிஐக்கு எழுத்துநடை தேவையில்லை. இயல்பான பேச்சுத் தமிழ் போதும். அதில் நீளமாக, தொடர்ச்சியாக, ஆங்கில ஊன்றுகோல் இல்லாமல் பேசுவதுதான் கேள்வி.

இரண்டு வாரம், தினமும் கால் மணி நேரம், குடும்பத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் ஒரு செய்தியை முழுக்கத் தமிழில் விளக்கிப் பழகியிருந்தால் நிலை உயர்ந்திருக்க வாய்ப்பு நிறைய. இந்த மாணவிக்கு அதனால் கூடுதல் பயன் இருந்திருக்காது. ‘இடைநிலை மேல்’ அல்லது அதற்கு மேல் கேட்கும் கல்லூரிகளில் படிப்பவருக்கு அந்த இரண்டு வாரம்தான் வித்தியாசம்.

விலக்குக்குப் பிறகு

மார்ச் நடுவில் டிகிரி ஆடிட்டில் (பட்டத்துக்கான தேவைகளில் எவை முடிந்தன என்று காட்டும் பட்டியல்) மொழித் தேவைக்கு நேராக ‘நிறைவேறியது’ என்று வந்தது. அதற்குப் பக்கத்தில் கிரெடிட் எண்ணிக்கை பூஜ்யம். டிசம்பரில் எதிர்பார்க்கும் மொத்தம் 108 என்றே இருந்தது. அப்போதுதான் குடும்பத்துக்கு விஷயம் புரிந்தது.

அவர்கள் பார்வையில் இது பணமும் காலமும் வீணான தேர்வு. ஆனால் உண்மையில் அந்த விலக்கு பெரிய இறுக்கம் ஒன்றைத் தளர்த்தியிருந்தது. இனி தேவைப்படும் 12 கிரெடிட் மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த விருப்பப் பாடமாகவும் இருக்கலாம்; 202 வரை ஏறியே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் போயிற்று. பின்னால் வந்த முடிவுகள் எல்லாம் இந்தத் தளர்வை நம்பித்தான் எடுக்கப்பட்டன.

இரண்டாம் முடிவு: ஸ்பானிஷ் கிளெப்

கிளெப் மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. ஸ்பானிஷுக்கு ஏஸ் பரிந்துரை: 50 எடுத்தால் 6 கிரெடிட், 63 எடுத்தால் 9. இந்தப் பல்கலைக்கழகம் 50-க்கு 101, 102 என்று 6 கிரெடிட்டும், 63-க்கு 202 வரை 12 கிரெடிட்டும் தந்தது. மற்ற பெரும்பாலான கிளெப் தேர்வுகள் ஒன்றுக்கு 3 கிரெடிட்தான் தரும். ஆகவே 50 மட்டுமே எடுத்தாலும் ஸ்பானிஷ் ஒரு தேர்வில் இரண்டு தேர்வின் பலனைத் தந்துவிடும். தேர்வுக் கட்டணம் 100 டாலருக்குள். தேர்வு மையம் தனியே ஒரு சிறு தொகை வாங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு இலவசப் பாடத்தை முடிப்பவர்களுக்குத் தேர்வுக் கட்டண வவுச்சர் தருவதால் அந்தச் செலவும் குறைந்தது.

பதிவுக்கு முன், மாணவர் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ரெஜிஸ்ட்ரார் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டவை: தேர்வு மூலம் எடுக்கும் கிரெடிட்டுக்கு உச்சவரம்பு உண்டா (30 என்று பதில் வந்தது), கடைசியாக எடுக்கும் கிரெடிட்டுகளில் எத்தனை சொந்த வளாகத்தில் எடுத்ததாக இருக்க வேண்டும் (கடைசி 45-ல் 30), தமிழில் விலக்கு வாங்கியவர் ஸ்பானிஷில் கிரெடிட் வாங்கலாமா (வாங்கலாம், விருப்பப் பாடமாக). முதல் தேர்வில் கேட்காமல் விட்டதை இந்தமுறை கேட்டார்கள்.

மே மாதத் தேர்வு

கிளெப் ஸ்பானிஷ் சுமார் 120 கேள்விகள், ஏறத்தாழ 90 நிமிடம். கேட்டல் 40 விழுக்காடு, வாசிப்பு 60 விழுக்காடு. பேச வேண்டியதில்லை. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதும் இல்லை. எதையும் காலியாக விடக் கூடாது. முடிந்ததும் திரையிலேயே மதிப்பெண் வந்துவிடும்.

மாணவி இரண்டரை மாதம் தயாரித்தார். பெரும்பகுதி வாசிப்பும் இலக்கணமும். கேட்டல் பயிற்சிக்கு ஒதுக்கியது கடைசி இரண்டு வாரம் மட்டுமே. மே இறுதியில் எழுதி எடுத்தது 57. 6 கிரெடிட் உறுதியாயிற்று, 63 எட்டவில்லை.

சறுக்கிய இடங்கள் இரண்டு. கேட்டலின் முதல் பகுதியில் கேள்வி மட்டுமல்ல, விடைத் தெரிவுகளும் ஒலியாகவே வரும். திரையில் படித்துப் பார்க்க எதுவும் இருக்காது. இதை அவர் முன்பே பயிற்சி செய்யவில்லை. ஸ்பானிஷில் ‘நான் பேசுகிறேன்’, ‘அவர் பேசினார்’ இரண்டுமே தமிழ்க் காதுக்கு ‘ஆப்லோ’தான். அழுத்தம் முதல் அசையில் விழுகிறதா, கடைசி அசையிலா என்பது மட்டுமே வேறுபாடு. வேகமான உரையாடலில் அதைப் பிடிக்கக் காது பழக வேண்டும். இரண்டாவது, வாசிப்பில் கோடிட்ட இடம் நிரப்பும் பத்திகள். விருப்பம், ஐயம், நிபந்தனை ஆகியவற்றுக்கு வரும் வினை வடிவங்களை உயர்நிலைப் பள்ளியின் இரண்டு ஆண்டுப் பாடம் அரைகுறையாகத்தான் தொட்டிருந்தது. அவை 201-ல் வருபவை. 50-க்கும் 63-க்கும் நடுவில் நிற்பவை பெரும்பாலும் இவைதான்.

பதிவின்போதே பல்கலைக்கழகத்தின் பெயரைக் குறித்திருந்ததால் மதிப்பெண் கட்டணமின்றி நேராகப் போய்ச் சேர்ந்தது. பின்னால் அனுப்பச் சொன்னால் அதற்குத் தனிக் கட்டணம், தாமதமும் சேரும்.

கோடைக்கால ஆன்லைன் பாடம்

இன்னும் 6 கிரெடிட் தேவை. அதே கிளெப்பை மீண்டும் எழுத மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் ஸ்பானிஷ் 201-ஐ ஆன்லைனில், ஆறு வாரக் கோடை வகுப்பாக எடுப்பது என்று முடிவாயிற்று. 3 கிரெடிட் கிடைக்கும். மறுதேர்வுக்குத் தேவையான இலக்கணமும் கிடைக்கும். தனியார் நிறுவனங்கள் மாதச் சந்தாவில் தரும் ஏஸ் பரிந்துரை பெற்ற பாடங்கள் மலிவாக இருந்தும் ஒதுக்கப்பட்டன. மொழிப் பாடத்துக்கு அவற்றைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை.

இதில் வரிசை முக்கியம். 201-ல் சேர்ந்துவிட்ட பிறகு 101, 102-க்குத் தேர்வு வழியே கிரெடிட் கேட்டால் பல கல்லூரிகள் தர மறுக்கும். மேல்நிலைப் பாடத்தில் உட்கார்ந்தவருக்குக் கீழ்நிலைக் கிரெடிட் இல்லை என்பது அவர்கள் வாதம். எனவே 6 கிரெடிட் பதிவேட்டில் ஏறியதைப் பார்த்த பிறகே, வெளிக்கல்லூரிப் பாடத்துக்கான முன் அனுமதிப் படிவம் கையெழுத்தாகி வந்தபின், ஜூலை தொடக்கத்தில் சேர்ந்தார். கிரெடிட் மாறுவதற்கு ‘சி’ கிரேடாவது வேண்டும். கிரேடு மாறாது, கிரெடிட் மட்டுமே மாறும்.

பதினைந்து வாரப் பாடத்தை ஆறு வாரத்தில் அடைப்பதால் வாரத்துக்கு 15 முதல் 20 மணி நேரம் போயிற்று. முதல் வாரமே அடி விழுந்தது. வீட்டுப்பாடம் முழுக்கப் பாடநூல் பதிப்பாளரின் தளத்தில் இருந்தது. அதன் அணுகல் குறியீட்டைத் தனியாக வாங்க வேண்டும் என்பது தெரியாமல் மூன்று பயிற்சிகள் தவறின. அடுத்தது, தளம் தானே திருத்துவதால் உயிரெழுத்தின் மேல் வரும் சாய்கோடு விடுபட்டால் விடை முழுவதும் தவறாகிவிடும். கணினியில் ஸ்பானிஷ் விசைப்பலகையை அமைத்த பிறகே அந்த இழப்பு நின்றது. இறுதித் தேர்வு கேமரா கண்காணிப்பில். அதோடு காணொளியில் ஆசிரியருடன் பத்து நிமிடப் பேச்சு. ‘பி’ கிரேடு வந்தது.

ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை

எஞ்சியது 3 கிரெடிட். ஆகஸ்ட் இறுதியில் கிளெப் ஸ்பானிஷை மீண்டும் எழுதினார். 63 வந்தால் 12 கிரெடிட். அதில் 201 ஏற்கனவே பதிவாகியிருப்பதால் இரட்டிப்பாகாது. 202-க்கான 3 மட்டும் கூடும். கணக்கு சரியாகவே பொருந்தியது. வந்த மதிப்பெண் 61.

கேட்டல் நன்றாக உயர்ந்ததாக மாணவியே உணர்ந்தார். ஆனாலும் 63 என்பது நான்கு செமஸ்டர் முடித்தவருக்கு இணையான மதிப்பெண். ஆறு வாரம் விரைந்து படித்த 201 அதற்குச் சற்றே போதவில்லை. 61-ஆல் இழப்பும் இல்லை, லாபமும் இல்லை.

இந்த இடத்துக்கென்று மாற்றுத் திட்டம் ஆகஸ்டிலேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது: ஸ்பானிஷ் கைவிட்டால் அக்டோபருக்குள் வேறொரு பாடத்தில் கிளெப். மாணவி முதலில் நினைத்தது அமெரிக்க அரசாங்கம் என்ற தேர்வு. தன் துறைதானே, படிக்காமலே தேறலாம் என்று. அதற்கு இணையான பாடத்தை அவர் முதலாண்டிலேயே முடித்திருந்தார். எழுதியிருந்தால் தேறியிருப்பார், கிரெடிட் ஒன்றும் கூடியிருக்காது. இதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தது அவருடைய அட்வைசர். மாற்றாக அறிமுகச் சமூகவியல். 50 எடுத்தால் 3 கிரெடிட், அவர் அதுவரை தொடாத பாடம். ஐந்து வாரம் படித்து அக்டோபர் நடுவில் எழுதித் தேறினார்.

78, வசந்த செமஸ்டரின் 15, கிளெப் 6, ஆன்லைன் 3, இலையுதிர் செமஸ்டரின் 15, சமூகவியல் 3. ஆக 120. டிசம்பரில் பட்டம் கிடைத்தது. தேர்வுகளுக்கும் கோடைப் பாடத்துக்கும் ஆன செலவு, தவிர்த்த ஒரு செமஸ்டர் கட்டணத்தில் சிறு பகுதியே.

இனி மாற்ற வேண்டியவை

ஓபிஐயை முதலில் எழுதியது, காரணம் தெரியாமல் எடுத்த முடிவானாலும், விளைவில் நல்ல முடிவு. மொழித் தேவை முதலிலேயே நீங்கியதால்தான் கடைசி 3 கிரெடிட்டைச் சமூகவியலில் எடுக்க முடிந்தது. விலக்கு கையில் இல்லாமல் ஸ்பானிஷை மட்டும் நம்பியிருந்தால், 61 என்ற மதிப்பெண் பட்டத்தையே மே மாதத்துக்குத் தள்ளியிருக்கும்.

மாற்ற வேண்டியது 63 மீது வைத்த நம்பிக்கை. பள்ளியில் இரண்டு ஆண்டு மட்டும் படித்தவர் 50-ஐக் குறிவைத்து அதற்கான 6 கிரெடிட்டை முதலில் கணக்கில் வைக்க வேண்டும். 63 வந்தால் அது கூடுதல் வரவு. மேயிலேயே இப்படித் திட்டமிட்டிருந்தால் சமூகவியலைக் கோடையில் முடித்திருக்கலாம். பட்டத்துக்கு விண்ணப்பிக்கும் கெடுவுக்கு ஒரு வாரம் முன்பு மதிப்பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டிய நிலை வந்திருக்காது. கேட்டல் பயிற்சி முதல் வாரத்திலிருந்தே தினமும் இருக்க வேண்டும்; அதுவும் எழுத்தைப் பார்க்காமல்.

கல்விக்கடனோ உதவித்தொகையோ பெறுவோர் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். தேர்வு வழி வரும் கிரெடிட் அந்தச் செமஸ்டரின் பதிவு எண்ணிக்கையில் சேராது. முழுநேர மாணவர் என்பதற்கான 12 கிரெடிட்டை வகுப்புகளால்தான் நிரப்ப வேண்டும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்போருக்கு, அந்த முழுநேரக் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு ஓர் ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும்.

தம்பி விஷயத்தில் குடும்பம் முன்கூட்டியே தொடங்கியது. உயர்நிலைப் பள்ளியில் பட்டயத்தோடு தரப்படும் இருமொழித் திறன் முத்திரையைத் தமிழில் பெற வழி உண்டா என்று பள்ளி ஆலோசகரிடம் பன்னிரண்டாம் வகுப்புத் தொடக்கத்திலேயே கேட்டார்கள். 2011-ல் கலிபோர்னியாவில் சட்டமான இந்த முத்திரை இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது. இல்லினாய், மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் அரசுக் கல்லூரிகள் அதை வைத்துக் கிரெடிட் தருவதற்கு மாநிலச் சட்டமே இடம் தருகிறது. சேரும் கல்லூரி எது என்பது முடிவானதும், அந்த ஆண்டின் பாடப்பட்டியலில் மொழி விதி உள்ள பக்கத்தைச் சேமித்துக்கொண்டு, ரெஜிஸ்ட்ராருக்கு மின்னஞ்சலில் நான்கு கேள்விகளை அனுப்பினார்கள்: இந்த மொழியில், இந்தத் தேர்வில், இந்த நிலை வந்தால் கிடைப்பது விலக்கா, கிரெடிட்டா, கிரெடிட் என்றால் எந்தப் பாட எண்ணின் கீழ், வீட்டில் பேசும் மொழி என்பதால் தடை உண்டா, எந்தத் தேதிக்குள் முடிவு வந்து சேர வேண்டும். பதில் வந்த பிறகுதான் தேர்வுக்குப் பணம் கட்டினார்கள்.